எங்கள் வீட்டில் சரியாகத்தான் வருகிறது

திருமானூர்
4.6.2025

‘இழை’ மென்பொருளின் பொறுப்பாளர் சத்யா அவர்களுக்கு,

திருமானூர் கண்ணையன் எழுதுவது. மணிமாறனின் தகப்பன் என்றால் தெரியும்.

இழையின் விண்டோஸ் பதிப்பை இந்த மாதக் கடைசியோடு நிறுத்தப்போவதாக உங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். யாரைக் கேட்டு?

உங்கள் இழை முதலில் லினக்ஸில் மட்டும்தான் ஓடியது. நான் பம்புசெட் மோட்டார் கட்டுகிறவன். படித்துக் கற்றதில்லை, பிரித்துப் போட்டுக் கற்றது. போர்டில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று படம் போட்டு வைக்க ஏதாவது வேண்டும் என்று மகனிடம் கேட்டேன். புதிதாக லினக்ஸெல்லாம் பழக மாட்டேன் என்றும் சொன்னேன். அதற்காகத்தான் அவன் இழையை விண்டோஸுக்குக் கொண்டுவந்தான். ஆபீஸ் விட்டு வந்து, சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்த வேலை. நீங்களெல்லாம் பிறகு எடுத்துக்கொண்டவர்கள்.

போன வருடம் லாரி அடித்து அவன் போய்விட்டான். செய்தவன் இல்லையென்றால் செய்ததையும் தூக்கிப் போட்டுவிடலாமா?

ஊரே படிக்கிற பக்கத்தில் இதை எழுத எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் தபால். பதிலும் தபாலில் வரட்டும்.

இப்படிக்கு,
கண்ணையன்


பெரம்பலூர்
11.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சத்யா வணக்கத்துடன் எழுதுவது. அம்மா எப்படி இருக்கிறார்கள்? மணிமாறன் காரியத்துக்கு நான் வந்திருந்தேன். உங்களிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். அதிலிருந்து அந்த உறுத்தல் இருக்கிறது.

இழையைப் பார்த்துக்கொள்வது நாங்கள் நாலைந்து பேர். எல்லோருக்கும் வேறு வேலை உண்டு, இது மிச்ச நேரத்தில் செய்வது. விண்டோஸ் பக்கம் முழுவதும் மணிமாறன் கையில்தான் இருந்தது. அவன் கடைசியாக வெளியிட்ட பதிப்பில், படத்தை பிடிஎஃப் ஆக எடுக்கும் வசதியைச் சேர்த்திருந்தான். அதில்தான் சிக்கல். பிடிஎஃப் எடுத்தால் கட்டம் வருகிறது, கோடு வருகிறது, எழுத்து ஒன்றுகூட வருவதில்லை. நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். லப்பைக்குடிக்காட்டில் ஒருவர் தன் கடைக்குப் போட்ட ஒயரிங் படத்தை அப்படி எடுத்து எலக்ட்ரீஷியனிடம் கொடுத்திருக்கிறார். பெயரில்லாத கோடுகளைப் பார்த்து வேலை செய்தவர் மாற்றி இணைத்து, இன்வெர்ட்டர் புகைந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை, அதுவரை நல்லது.

அப்பா, தூக்கிப் போடுவதற்காக இல்லை. அவன் பெயரை யாரும் திட்டக் கூடாது என்றுதான் நிறுத்துகிறோம்.

அன்புடன்,
சத்யா


திருமானூர்
16.6.2025

சத்யாவுக்கு,

அப்பா என்று எழுத வேண்டாம். அப்படிக் கூப்பிட ஒருத்தன் இருந்தான்.

எழுத்து வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். எங்கள் வீட்டில் சரியாகத்தான் வருகிறது. இன்று காலையில் எடுத்த பக்கம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டுப் பார். ஸ்டார்ட்டர், ரிலே, மூன்று பேஸ், எர்த், எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. அவன் போன பிறகு இப்படி எத்தனையோ பக்கம் எடுத்துவிட்டேன். ஒன்றிலும் எழுத்து விட்டுப்போகவில்லை.

உங்களுக்குப் பார்த்துக்கொள்ள அலுப்பு. அதை நேராகச் சொல்ல வாய் வரவில்லை. செத்தவன் மேல் பழியைப் போட்டால் அவன் வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்?

கலியம்மாள் பின்னால் நின்றுகொண்டு, “ஏன் அந்தப் புள்ளகிட்டப் போயி மல்லுக்கு நிக்கிறீங்க? அதுவும் நம்ம புள்ளயோட திரிஞ்சதுதான?” என்கிறாள். திரிந்ததால்தான் கேட்கிறேன்.

கண்ணையன்


பெரம்பலூர்
24.6.2025

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

நீங்கள் அனுப்பிய பக்கத்தை மேசையில் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் குழம்பினேன். எல்லோருக்கும் வராதது உங்களுக்கு மட்டும் எப்படி வருகிறது? அந்தக் கேள்வியை நாங்கள் யாருமே கேட்டதில்லை. நீங்கள் சண்டை போடாவிட்டால் கேட்டிருக்கவும் மாட்டோம். உட்கார்ந்து மணிமாறன் எழுதியதை வரிவரியாகப் பார்த்தேன்.

பிடிஎஃப் எடுக்கும்போது, எழுத்துருவை எந்த ஃபோல்டரிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. எந்தக் கணினிக்கும் பொதுவான இடத்தை அதில் கொடுத்திருக்க வேண்டும். அவன் தன் கணினியில், தன் பெயரில் இருக்கும் ஃபோல்டரைக் கொடுத்திருக்கிறான். நீங்கள் இப்போது உட்காருவது அவனுடைய அந்தக் கணினியில்தான். உலகத்தில் அந்த ஒன்றில் மட்டும் எழுத்து வரும். மற்ற இடங்களில் அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை, அதனால் வெறும் கட்டம்.

நம்ப வேண்டாம். வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். அந்த ஒரு வரியை மாற்றிவிட்டால் விண்டோஸ் பதிப்பை நிறுத்த வேண்டியதில்லை. எனக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் உங்களைக் கேட்காமல் அதில் கை வைக்க மனம் வரவில்லை. உங்கள் பதில் வரும்வரை எதையும் நிறுத்த மாட்டோம்.

சத்யா


திருமானூர்
19.7.2025

சத்யாவுக்கு,

நீ சொன்னது தப்பு என்று காட்டத்தான் அரியலூருக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சிந்தாமணி என்ற அம்மா பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறது. அங்கே இழையைப் போட்டுப் படத்தைத் திறந்து பிடிஎஃப் எடுத்தேன். “என்னா பெரியவரே, வெறுங்கட்டமா வருது? பாண்டி ஆடப் போறீங்களா?” என்று அந்த அம்மா சிரித்தது. இன்னொரு கணினியில் போட்டேன். அங்கேயும் அதே.

வீட்டுக்கு வந்து, அவன் எழுதியதைத் திறந்து நீ சொன்ன வரியைத் தேடிப் பிடித்தேன். அதற்கு மேலே அவன் எழுதி வைத்திருப்பதை நீயும் பார்த்திருப்பாய். ஆனால் அதை நீ எனக்கு எழுதவில்லை. ‘இப்போதைக்கு அப்பாவுக்கு ஓடட்டும். அப்புறம் மாத்தணும்.’

பிடிஎஃப் எப்போது வரும், எப்போது வரும் என்று அந்த வாரம் முழுவதும் நான்தான் அவனை அரித்துக்கொண்டிருந்தேன்.

நீ மாற்ற வேண்டாம். வேற்றாள் கை அதில் படக் கூடாது. நானே மாற்றினேன். உனக்கு ஐந்து நிமிடம், எனக்கு மூன்று வாரம். எழுத்துரு இருக்கும் பொது இடத்தைக் கணினியிடம் எப்படிக் கேட்பது என்று படித்துத் தெரிந்துகொண்டு, அவன் போட்டு வைத்திருந்த வழியிலேயே புதுப் பதிப்பைக் கட்டி, மறுபடி அரியலூருக்குக் கொண்டுபோனேன். எழுத்து வந்தது. “நீங்களேவா செஞ்சீங்க?” என்று சிந்தாமணி கேட்டது. “எம்மவன் செஞ்சதும்மா. கொஞ்சம் பாக்கி கெடந்துச்சு” என்றேன்.

பென் டிரைவ் இத்துடன் இருக்கிறது. விண்டோஸ் பதிப்பு செய்தவர் என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும். என் பெயரைச் சேர்க்காதே. இனிமேல் குறை வந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு எனக்கு எழுத வேண்டாம்.

கலியம்மாள் உன்னை ஒருநாள் சாப்பிட வரச் சொல்கிறாள். எழுதாவிட்டால் விட மாட்டாள், எழுதிவிட்டேன். வருவதானால் வா. ஆனால் அந்தக் கணினியில் புதுப் பதிப்பைப் போட்டுத் தருகிறேன் என்று உட்காரக் கூடாது. புதியது எல்லார் வீட்டிலும் ஓடும், அவனைத் தேடாது. இங்கே இருக்கிறது ஒவ்வொரு தடவையும் அவன் பெயரைத் தேடிப் போய், அங்கிருந்துதான் எழுத்தை எடுத்துவருகிறது. இது இப்படியே இருக்கட்டும்.

கண்ணையன்