பிறிஜெற்றின் முகமும் மயிலம்மாவின் ரியூப்பும்

6.2.1999, சனி

பேத்தி பிறிஜெற் வந்தாள். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வருவதற்குள் பஸ்ஸை இரண்டு இடத்தில் சோதனைக்கு மறித்து எல்லாரையும் இறக்கி ஏற்றினார்களாம். வந்ததும் பையிலிருந்து ஒரு சின்னக் களிம்பு ரியூப்பை எடுத்து மேசையில் வைத்தாள். பருவுக்கு. பதினாறு வயதில் நெற்றியும் கன்னமும் பருவாய்க் கிடக்கிறது. பிள்ளை கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

“ஆர் வாங்கித் தந்தது?”

“அப்பம்மா தோல் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனவ.”

அப்பம்மா. மருமகனின் தாய், மயிலம்மா ரீச்சர். என் மகள் கொன்ஸ்ரன்ஸ் குடும்பம் அவரோடுதான் இருக்கிறது. கிழமை முழுக்கப் பிள்ளை அவவுக்கு. எனக்குச் சனியும் ஞாயிறும். அந்த முகம் என் முகம், ஞாயிறுப் பூசைக்கு வருகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்கு மருந்து பார்க்க என்னை ஒரு சொல் கேட்கவில்லை.

7.2.1999, ஞாயிறு

நேற்றுச் சாப்பிட்ட பிறகு பூசினாள். முகம் கழுவி, இருபது நிமிடம் சும்மா இருந்தாள். பிறகு ஒரு கடலையளவு, முகம் முழுக்க. அவ்வளவுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாளாம். வெயில் படக்கூடாதாம், வேறொன்றும் போடக்கூடாதாம்.

“ஏன்டி இப்பிடித் தவம் கிடக்கிறாய்?”

“ஈரத்தில பூசினா எரியும், அம்மம்மா. அப்பம்மா கடுதாசி முழுக்க வாசிச்சுச் சொன்னவ.”

மருந்துப் பெட்டிக்குள் இருந்த இங்கிலிஷ் கடுதாசி. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. சரி.

21.2.1999, ஞாயிறு

முகம் மோசம். மூக்கோரம் சிவந்து தோல் உரிகிறது. புதிதாகவும் பரு. பார்த்ததும் எனக்குள் என்னவோ குளிர்ந்தது. சிரித்தும் விட்டேன்.

“பாத்தியா உன்ர அப்பம்மாட வைத்தியத்தை?”

“முதல் மாசம் அப்பிடித்தானாம். மூண்டு மாசம் பொறுக்கவேணுமாம்.”

மூன்று மாதம்! என் பிள்ளைகளுக்கு நான் தேசிக்காய் பிழிந்த புளியும் மஞ்சளும் பூசித்தானே வளர்த்தேன். கொன்ஸ்ரன்ஸின் முகத்தில் ஒரு வடு உண்டா?

27.2.1999, சனி

பூசிவிட்டேன். தேசிப்புளியும் மஞ்சளும். பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்றாள். டொக்டர் ஏசுவாராம்.

“அவவின்ர கை படலாம், என்ர கை படப்படாதோ?” என்று கேட்டேன். முகத்தை நீட்டினாள். எரியுது என்று சொன்ன பிறகும், காயட்டும் என்று மாடிப்படியில் வெயிலில் இருத்தினேன்.

3.3.1999, புதன்

என்னையே கேட்கிறேன்: நேசம், நீ என்ன செய்துவிட்டாய்?

கொன்ஸ்ரன்ஸ் பக்கத்து வீட்டு ரெலிபோனுக்கு எடுத்தாள். முகம் வெந்ததுபோல் சிவந்து, கன்னத்தில் கொப்புளமாம். பள்ளிக்குப் போகிற வழியில் சோதனைச் சாவடியில் பொலிஸ்காரி அடையாள அட்டையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, “மூணட்ட மொகத உணே?”, முகத்துக்கு என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்க, பிள்ளை ரோட்டிலேயே அழுதாளாம்.

“எல்லாம் மாமியால. ரியூப்பைக் குப்பையில எறிஞ்சிட்டன், அம்மா.”

“பிள்ளை என்ன சொல்றாள்?”

“அப்பம்மாட மருந்தோ எண்டு கேட்டன். ஓம் எண்டாள்.”

எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். அவவை மாட்டிவிட்டு என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். இதை எழுதும்போதே சந்தோசம் வருகிறது. என்ன மனுசி நான்?

13.3.1999, சனி

பிறிஜெற் வரவில்லை. படிப்பாம்.

20.3.1999, சனி

வரவில்லை.

27.3.1999, சனி

நாளை குருத்தோலை ஞாயிறு. கோயிலில் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொறாமை என்றேன். தேசிக்காயைச் சொல்லவில்லை. பொறாமை என்றால் அதற்குள் தேசிக்காயும் அடங்காதா? சுவாமிக்கு அடங்கும். கொன்ஸ்ரன்ஸுக்கு?

கொப்புளம் ஆறிக் கறுப்பு விழுந்திருக்கிறதாம். மருந்தும் நின்றதால் பரு முன்னையைவிடக் கூட. மயிலம்மாவும் கொன்ஸ்ரன்ஸும் கதைப்பதில்லையாம். நடுவில் பிள்ளை வாய் திறக்காமல் இருக்கிறாள். நான் செய்ததைப் பதினாறு வயதுப் பிள்ளை சுமக்கிறாள்.

29.3.1999, திங்கள்

வெள்ளவத்தை போனேன். கதவைத் திறந்தது மயிலம்மா. உள்ளே போனால் தேத்தண்ணியைத் தந்து என் வாயை அடைத்துவிடுவார் என்று வாசலிலேயே சொன்னேன். “தேசிக்காய் பூசினது நான். வெயிலில இருத்தினதும் நான்.”

கொன்ஸ்ரன்ஸ் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறிஜெற்றும்.

மயிலம்மா மெல்லச் சொன்னார்: “நீங்கள் சிரிச்சீங்கள் எண்டு பிள்ளை வந்து சொன்னவள். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ரெண்டு மடங்கு பூசி விட்டனான். ஈஸ்ரருக்கு உங்கட வீட்டை வரேக்க முகம் பளிச்செண்டு இருக்கோணும் எண்டு...”

கடுதாசி முழுக்க வாசித்த மனுசி! அந்த இடத்திலும் எனக்கு மனம் லேசாகிப்போனது. மறைப்பானேன்.

“உங்கள் ரெண்டு பேருக்கும் சண்டை பிடிக்க என்ர முகம்தானோ கிடைச்சது?” பிறிஜெற் அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள்.

4.4.1999, உயிர்த்த ஞாயிறு

யாரும் வரவில்லை. கறி அப்படியே இருக்கிறது.

12.6.1999, சனி

வந்தாள். மயிலம்மாவையும் கூட்டிக்கொண்டு.

முகம் நன்றாக ஆறும்வரை டொக்டர் ஒன்றும் தரவில்லையாம். போன மாதம்தான் புது ரியூப். டொக்டரிடம் தனியாகத்தான் கதைத்தாளாம், தாயைக்கூட வெளியே இருத்திவிட்டாளாம். கிழமைக்கு இரண்டு தரம், கடலையளவு. வெளியே போனால் குடை. கறுப்பு மங்கிவிட்டது. நெற்றி தெளிகிறது. எங்கள் இருவரின் கையும் அதில் படவில்லை.

சாப்பிட்டு முகம் கழுவிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மயிலம்மா எழும்பினார். நானும் எழும்பினேன்.

“ரெண்டு பேரும் அங்கயே இருங்கோ!” உள்ளேயிருந்து சத்தம்.

இருந்தோம். அவருடைய கதிரை கதவுக்குக் கொஞ்சம் கிட்ட. பரவாயில்லை.