கறுப்பு நாய்ப் பாட்டும் வாசல் செருப்புகளும்

2009 ஜூன் 6, சனி. கல்லடி

கச்சான் காற்று. தூசி. கிற்றார் ஆம்ப் இரைச்சல் - எர்த் வயர் கழன்றிருந்தது. பூட்டியாயிற்று.

ரூபன் வீட்டுப் பின்னறையில் ஒத்திகை. பாட்டு அவன் எழுதியது: வாவிக்கரைக் கறுப்பு நாய். மணலில் தடம் பதியாதாம். ஊளையிட்ட வாசலில் சாவாம். சுனாமியில் கடல் வந்ததற்கு முதல்நாள் கல்லடி முழுக்கக் கேட்டதாம். விசர்க்கதை. பாட்டுக்கு நல்லது.

"தடமில்லாக் கறுப்பா, இன்றைக்கு எந்த வாசல்?" - கோரஸ். இழுக்கிறான். வேகம் காணாது.

நடுவில் தெருநாய் ஒன்று ஊளை. ரூபனின் அம்மா ஓடிவந்து வாசலில் கிடந்த செருப்பையெல்லாம் கவிழ்த்தார். என்னுடையதையும். அப்படிச் செய்தால் சாவு தாண்டிப் போய்விடுமாம். மூத்தவன் முகுந்தனின் நீலச் செருப்பையும் விடவில்லை. இயக்கம் அவனைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருடம். வன்னியில் என்று கேள்வி.

கேட்டே விட்டேன். "இல்லாத ஆளுக்கு எதுக்கு மாமி?"

"உயிரோட இரிக்கிற எல்லாருக்கும் கவிழ்க்கணும் மனே. கடல் வந்தமுறை இவன்ட அப்பாட செருப்ப மறந்திட்டன்."

ரூபன் முறைத்தான்.

ஜூன் 10

வெயில். மாமி வவுனியாவில், சண்டை முடிந்து வன்னிச் சனத்தை வைத்திருக்கும் முகாம் முகாமாக முகுந்தனைத் தேடி.

வாங்க வேண்டும்: சோல்டர், 9 வோல்ட் பற்றரி 2, கேபிள்.

முகுந்தன் போனபிறகு ட்ரம்ஸுக்கு ஆள் இல்லை. வேறு ஆள் பார்ப்போம் என்றேன்.

"அண்ணன் வருவான்டா. பொறு."

எத்தனை நாள் பொறுப்பது?

ஜூன் 14, ஞாயிறு

மாமி நேற்று வந்துவிட்டார். கண்டீர்களா என்று கேட்டேன்.

"பேர் பதிஞ்சிட்டு வந்திரிக்கன். வருவான்." அவ்வளவுதான். மீன் கழுவப் போய்விட்டார்.

பின்னேரம் 4. ஊளை சரிவந்தது! கிற்றாரை ஸ்பீக்கருக்கு நேரே சாய்த்து ஃபீட்பேக், அதற்குமேல் எக்கோ. அசல் நாய். அயல் நாய்களும் சேர்ந்துகொண்டன.

"டேய், வைரவர் தன்ட வாகனத்தக் கேட்டு வரப்போறார்!" ரூபன் சிரித்தான். வெகுநாளைக்குப் பிறகு.

வாசலில் சத்தம். போனோம். மாமி குனிந்து செருப்புகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மாமி, அது நாய் இல்ல. ஆம்ப்."

கவிழ்த்துக்கொண்டே போனார். ரூபனுடையது. என்னுடையது. தன்னுடையது. நிமிர்ந்து முகத்தைத் துடைத்தார்.

நீலச் செருப்பு மட்டும் நிமிர்ந்து கிடந்தபடியே.

"அம்மா, அண்ணன்ட மறந்திட்டீங்க."

ரூபன் குனிந்து கவிழ்த்தான். மாமி அதை நிமிர்த்தி, மண்ணைத் தட்டி, பழைய இடத்திலேயே வைத்தார்.

உள்ளே கிற்றார் ஊளையிட்டபடி. போய் பிளக்கைப் பிடுங்கினேன்.