எட்டடிக்குப் போன அஸ்திவாரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மாவும் நலம், அவள் முழங்காலை மட்டும் இந்த நலத்தில் சேர்க்க முடியவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். மாடிப்படியில் அம்மா இப்போது உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறாள். அதனால் சமையலறையை ஒட்டிக் கீழேயே அவளுக்கு ஓர் அறை கட்டுகிறோம் என்று போனில் சொன்னேன் அல்லவா, அது அஸ்திவாரத்திலேயே நின்றுவிட்டது. இஞ்சினியர் தம்பி, நாலு தூணுக்கும் தனித்தனிக் குழி, நாலடி ஆழம் போதும் என்று வரைந்து கொடுத்தார். நான் நூலகத்தில் படித்துவிட்டு, அறை முழுதுக்கும் பாய் விரித்தாற்போல் ஒரே கான்கிரீட் தளமாகப் போடுவார்களாமே, ராஃப்ட் என்று, அது இன்னும் பத்திரம் இல்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஒரு ரூமுக்கு ராஃப்டா சார், அம்மா என்ன யானையா என்று சிரித்தார். ஜன்னலுக்குப் பின்னால் அம்மா நின்றது அவருக்குத் தெரியாது. அன்றோடு அவருக்கு டீ நின்றது.

இனி என் தவறு. ஆட்கள் போனபிறகு தினமும் ஒவ்வொரு குழியையும் அளந்து, ஆழத்தை அதன் பக்கத்தில் அடித்திருந்த மரமுளையில் சாக்பீஸால் குறித்து வைத்தேன். முதல் நாள் 2. மறுநாள் வந்தவர்கள் அதை இன்னும் தோண்ட வேண்டிய அளவு என்று எடுத்துக்கொண்டு இரண்டடி தோண்டினார்கள், நாலடி சரியாக வந்தது. நான் 4 என்று எழுதினேன். மூன்றாம் நாள் மறுபடி மண்வெட்டிச் சத்தம். நாலடிதான் முடிந்ததே என்று தோன்றியது, ஆனால் கொத்தனாருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று ஜன்னலோரமே நின்றுவிட்டேன். சாயங்காலம் மூன்று குழிகள் கெட்டி மண்ணில் ஆறடியோடு திணறி நிற்க, மூலைக்குழி மட்டும் எட்டடி. ஓடிப்போய், நான் எழுதியது தோண்டி முடித்த ஆழம் என்று சொன்னேன். கொத்தனாரின் தலை தெரியவில்லை, குரல்தான் வந்தது, எட்டுன்னு எழுதிடாதீங்கய்யா, பதினாறடிக்கு எங்கிட்ட ஏணி இல்ல என்று. அம்மா எட்டிப் பார்த்து, ரூம் கேட்டா கிணறு வெட்டுறீங்களே என்றாள்.

அந்தக் குழியில் ஐந்தாவது அடியிலிருந்து உடைந்த ஓடும் மக்கிய சாக்கும் உன் மூன்று சக்கர சைக்கிளின் ஒரு சக்கரமும் வந்திருந்தன. நீ பள்ளியில் சேர்ந்த வருடம் பழைய கழிவுநீர்க் குழியைக் குப்பையால் நிரப்பி, மேலே நல்ல மண் போட்டு மூடியது நானேதான், அடியோடு மறந்திருக்கிறேன். நாலடியோடு விட்டிருந்தால் நல்ல மழையில் தூண் இறங்கியிருக்கும், கூரைக்கு அடியில் அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள். இஞ்சினியர் தம்பி வந்து பார்த்து முகம் மாறி, குப்பையை முழுக்க வாரிட்டு, சரளை போட்டு இறுக்கி, மேல ராஃப்ட்தான் சார், எப்படி சார் கண்டுபிடிச்சீங்க என்றார். இப்ப யானை ஆயிட்டேனா தம்பி என்று அம்மா டீயை நீட்டினாள்.

அந்தப் பாராட்டை இரண்டு நாள் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தேன். இன்று கான்கிரீட் போடுமுன், மூன்று முறை வாசல்வரை போய்த் திரும்பி, நாலாம் முறை அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். தெரியும் சார், நாலு முளையிலயும் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க, அதான் ஆளுங்க மறுபேச்சு பேசாம தோண்டியிருக்காங்க, நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன் என்றார். சாக்பீஸ் இப்போது அம்மாவிடம் இருக்கிறது.

இருவரும் நீடூழி வாழ்க. எங்கே எண் எழுதினாலும் அது என்ன எண் என்று பக்கத்தில் எழுதிவிடு, மறக்காதே.

உன் அன்பு அப்பா
(இது வெறும் கையெழுத்து. இதை நம்பி எதையும் தோண்ட வேண்டாம்.)