உள்ளங்கை வியர்ப்பவர்கள்

நிலா நிலையம். நாள் 64. காலை 6.10. உடற்பயிற்சி அறை.

பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தபோது ஓர் அதிகாரி என்னைக் கேட்டார்: "ஓட்டப்பந்தயத்துக்குப் பிள்ளைங்கள எத வச்சு எடுக்குறீங்க?" "ஓடவிட்டுப் பாத்துதான் சார்" என்றேன். அவருக்கு அது விஞ்ஞானமாகப் படவில்லை.

அவருடைய வாரிசு இங்கே சுவரில் இருக்கிறது. பெயர் குணமானி. ஐம்பது கேள்விகள் கேட்கும், யாரையும் ஓடவிடாது. கூட்டிக் கழித்து, யார் எதற்குத் தகுதி என்று அறிவிக்கும். ஆபத்தான பகுதிக்குப் போகும் கதவுகள் அதன் பேச்சைத்தான் கேட்கும்.

நாங்கள் மூன்று பேர். மதுசூதனன் பொறியாளர், நீச்சலில் மாநிலப் பதக்கம் வாங்கியவர்: தைரியம் 96. தபித்தாள் குழாய்களைப் பார்ப்பவர், திருநெல்வேலிக்காரர், ஒருகாலத்தில் மாவட்டக் கபடி அணியில் பாடிப் போனவர்: தைரியம் 18. போட்டிக்கு முன் உள்ளங்கை வியர்க்குமா என்ற கேள்விக்கு "எப்போதும்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். நான், எலும்பு தேயாதபடி இவர்களை ஓடவைக்க வந்தவள். எனக்கு மதிப்பெண்ணே இல்லை. அறுபது வயதுக்கு மேல் குணம் கிடையாது போலும்.

இன்று இருவரும் ஓடினார்கள். தபித்தாள் ஷூ நாடாவை நான்கு முறை இழுத்துப் பார்த்தார். மதுசூதனன் பார்க்கவில்லை, இரண்டு முறை தடுக்கினார். குணமானி பதிந்தது: "தபித்தாள் – பதற்றம்."

காலை 9.35. அதே அறை.

சுண்டைக்காய் அளவு விண்கல் ஒன்று நடைவழியைத் துளைத்துவிட்டது. அங்கே இப்போது காற்று இல்லை. என் அறைக்கு வரும் குழாயும் அறுந்தது. உள்ளே இருக்கும் காற்று நண்பகல் வரை வரும்.

அவர்கள் இருவரும் எதிர்ப்பக்கக் கூடத்தில், ஒன்றை மூடினால்தான் மற்றது திறக்கும் இரட்டைக் கதவுக்குப் பின்னால். இடையில் எட்டுத் தாவல் தூரம். என் கதவுக்கு வெளியே ஒரு கைச்சக்கரம். அதைத் திருகினால் ரப்பர் தகடு ஒன்று இறங்கித் துளை அடைபட்டு நடைவழியில் காற்று நிரம்பும். விண்வெளி உடைகள் வெளிவாசலில் தொங்குகின்றன. அங்கே போகவும் இதே நடைவழிதான். இதைத் திட்டமிட்டவர்களுக்குத் தைரியம் நிச்சயம் நூறு இருந்திருக்கும்.

காற்றில்லாத இடத்தில் பத்து நொடி நினைவு இருக்கும். உடை இல்லாமல் அதற்குள் ஓடிவந்து திருக வேண்டும். குணமானி மதுசூதனனுக்குக் கதவு திறக்கச் சம்மதித்தது.

காலை 10.20.

இன்டர்காமில் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"மது, மூச்ச அடக்கக் கூடாது. வாயத் திறந்து வெளிய விட்டுட்டே வரணும். அடக்குனா நுரையீரல் கிழிஞ்சிடும்."

"நீச்சல்காரன்கிட்ட மூச்சு பத்தியா டீச்சர்? நாலு நிமிஷம் அடக்குவேன்."

"வேணாம்ப்பா. ஊதுன பலூனை…"

"டென்ஷன் ஆகாதீங்க டீச்சர். காபி போட்டு வைங்க."

கண்ணாடி வழியே பார்த்தேன். கன்னம் உப்பியிருந்தது. ஐந்தாவது தாவலில் விழுந்தார். எழவில்லை.

குணமானி: "முயற்சி தோல்வி. காரணம்: உறுதிக் குறைவு."

இறந்தவனையும் விடவில்லை.

காலை 11.05.

தபித்தாள் சொன்னார், தான் வருவதாக. குணமானி: "தைரியம் 18. அனுமதி இல்லை."

கேள்விகளுக்கு மறுபடி பதில் சொல்லலாம். அதற்குத் தடை வைக்கவில்லை. மனிதர்கள் பொய் சொல்வார்கள் என்று அதைச் செய்த மேதைகளுக்குத் தோன்றவில்லை.

"எல்லாத்துக்கும் மாத்திச் சொல்லு தபித்தா. பயமே கிடையாதுன்னு சொல்லு."

"பொய்யா டீச்சர்? ஞாயித்துக்கிழம அதுவுமா?"

"ஆமா."

"உள்ளங்கையெல்லாம் வேர்க்குது டீச்சர். வெரல் வழுக்கித் தப்பு பட்டன்ல படுது."

"கபடிக்குப் போறப்ப என்ன செய்வ?"

"கோட்டுக்கு ரெண்டடி முன்னாலயே பாட ஆரம்பிச்சிருவேன். பாட்டு நின்னுட்டா அவுட்டுல்லா? அந்தப் பயந்தான். எங்க கோச் சிரிப்பாரு."

"இன்னிக்கும் அப்படியே வா. பாட்ட மட்டும் நிறுத்தாத. பாடுற வாய்ல மூச்சு அடங்கி நிக்காது."

இன்டர்காமில் பட்டன் தட்டும் சத்தம், ஐம்பது முறை. பிறகு: "எனக்கு 97 போட்டுட்டு டீச்சர். வெக்கங்கெட்ட மிஷினு."

காலை 11.40

தலை சுற்றுகிறது. எழுத்து கோணுகிறது. கதவு திறந்தது. தபித்தாள்.

உதடு அசைகிறது. சத்தம் இல்லை. அங்கே சத்தத்துக்கு ஏது காற்று. ஆனால் தெரிகிறது, க ப டி.

மதுவைத் தாண்டிவிட்டார். கை சக்கரத்தில். வழுக்குகிறது. மறுபடி. உதடு இன்னும்

சக்கரம் சுழல்கிறது. விழுகிறார்.

இரைச்சல். காற்று. அதற்குள் எங்கோ மெலிதாக, "…டி, கபடி, கபடி…"

மாலை 4.00. கூடம்.

தபித்தாள் படுத்திருக்கிறார். கண் சிவந்திருக்கிறது, பேசுகிறார். மதுவின் முகத்தைத் துணியால் மூடினோம். அந்தப் பிள்ளை காபி கேட்டான்.

தலைமையகச் செய்தி: "தபித்தாள், தைரியம் 97. குணமானியின் கணிப்பு உறுதியானது. அடுத்த குழுவில் 98க்குக் கீழ் யாரும் இல்லை. பன்னிரண்டு பேரும் மூச்சடக்குவதில் தேர்ந்தவர்கள். புறப்பட்டுவிட்டார்கள்."

துளையை அடைத்த ரப்பர் கிழிந்துகொண்டிருக்கிறது. ஒட்டுப் போட்டிருக்கிறோம். அவர்கள் வரும்வரை தாங்குமா, தெரியாது. அவர்களுக்கும் இதே நடைவழிதான். நான் அனுப்பிய எச்சரிக்கைக்குப் பதில்: "ஆசிரியையின் கருத்து மதிப்பிடப்படாதது."

ஆகவே இதைக் கூடத்துக் கதவில் ஒட்டுகிறேன். பன்னிரண்டு தைரியசாலிகளே, நாங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தக் கதவைத் தொடுவதற்கு முன், "கபடி கபடி" என்று விடாமல் சொல்லிக்கொண்டே எட்டுத் தாவல் தாவிப் பாருங்கள்.