யு இல்லாத லேபர்

2 ஜூன்

முதல் சொல் வழக்கம்போல ‘ஐரேட்’. கடுங்கோபம் என்று அர்த்தம். ஐந்து எழுத்தில் மூன்று உயிரெழுத்து மாட்டும், அதனால்தான். வைத்திக்கு இது பிடிக்காது. “கார்த்தாலயே கோபத்தோட ஆரம்பிக்கணுமா அம்மா?” என்பான்.

போன மழையில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேனே, அன்றிலிருந்து பிள்ளை போட்ட சட்டம் இது. போனில் தினம் ஒரு ஐந்தெழுத்து இங்கிலீஷ் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும், ஆடுகிற எல்லாருக்கும் அதே சொல்தான். ஆறு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு வரி. எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, இடம் மாறியிருந்தால் மஞ்சள். எழுத்தில்லாமல் நிறம் மட்டும் தெரிகிற அந்தக் கட்டங்களைக் காலையிலேயே சான்பாடாவில் இருக்கிற அவனுக்கு அனுப்பிவிட வேண்டும். வந்தால் அம்மா உயிரோடு இருக்கிறாள், புத்தியோடும் இருக்கிறாள். துறைமுக டாக்கில் கூலிகள் வேலைக்கு வந்ததற்கு மஸ்டரில் பெருவிரல் வைப்பார்கள். நான் கட்டம் வைக்கிறேன்.

5 ஜூன்

தோற்றேன். இல்லை, தோற்கவில்லை. போடவில்லை.

மூன்றாவது வரியிலேயே எல், ஏ, ஓ, ஆர் நாலும் வந்துவிட்டன. நடுவில் ஒரே ஓட்டை. ஐந்தாவது வரியில் அங்கே பி என்று தெரிந்தது. லேபர்! ஆனால் லேபருக்கு ஆறு எழுத்து. அமெரிக்காக்காரன் யு-வை முழுங்கிவிட்டு ஐந்து என்கிறான்.

ஆயுசு முழுக்க டாக்கில் லேபர் செக்‌ஷன் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். யு விட்டுப்போனால் ஹெட்கிளார்க் ஸ்டென்சிலையே கிழித்துப் போடுவார். அந்த யு-வைத் தட்டித் தட்டித்தான் வைத்தியை எஞ்சினியர் ஆக்கினேன். அதைப் பிடுங்கிப் போட என் கை போகவில்லை. கடைசி வரியில் மறுபடி ‘ஐரேட்’ என்றே அடித்தேன். வேண்டுமென்றுதான்.

6 ஜூன்

வைத்தி போன் பண்ணினான்.

“அம்மா, உன் முதல் வரி நிறமும் கடைசி வரி நிறமும் ஒண்ணா இருக்கு. அதே வார்த்தையை ரெண்டாந்தரம் போட்டியா? மறந்து போயிடுத்தா?”

“மறக்கலை. விடை தெரியும். போடலை.”

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவா.”

“நீ யு இல்லாமயா போட்டே?”

“அதுதானே ஆன்சர்!”

அவன் ஒரு நாளும் தோற்றதில்லை. ஜெயித்த வரிசை அறுந்துவிடக் கூடாதென்று ஜுரத்தில்கூட ஆடுவான். நடுவில் அவன் பெண்டாட்டி சாதனா போனை வாங்கி, “ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாம்மா, எங்களுக்கும் டென்ஷன் இருக்காது” என்றாள். நல்ல பெண்தான். ஆனால் அடுத்து என்ன சொன்னாள்? சான்பாடாவில் ஒரு ரூம் சும்மாதான் கிடக்கிறதாம். நான் தனியாக இருக்கிற மாட்டுங்கா வீட்டைப் பூட்டிவிடலாமாம்.

ஒரு யு-வுக்காக என் வீட்டை விட்டு நான் போகணுமா? நன்னா இருக்கே!

8 ஜூன்

பக்கத்து வீட்டு அம்மிணி மாமி கேட்கிறாள்: “ருக்கு, சான்பாடா போறேளாமே?” யார் சொன்னா? நான் எங்கயும் போகலை.

12 ஜூன்

செம்பூரில் டாக்டர். சின்னப் பெண். ‘வர்ல்டு’ என்பதைக் கடைசி எழுத்திலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். அதுவும் ஐந்தெழுத்துதான், பார். பிறகு எஃப்-இல் ஆரம்பிக்கிற சொற்கள். முதலில் ‘ஃபேவர்’ என்றேன். “யு-வோட” என்றும் சேர்த்துக்கொண்டேன். அவளுக்குப் புரியவில்லை, விவரமாகச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “மறதி ஒன்றும் இல்லை, ஆன்ட்டிக்குக் கோபம் மட்டும்தான்” என்று வைத்தியிடம் சொல்லிவிட்டாள்.

வைத்தி சிரிக்கவில்லை. திரும்பும்போது டாக்ஸி சயான் தாண்டியது. அப்புறம், “சரி, மறதி இல்லை. ஆனாலும் நீ வந்துடும்மா” என்றான்.

“எதுக்கு?”

“பயமா இருக்கு. உன் நம்பர்லேர்ந்து போன் வந்தாலே எடுக்கத் தைரியம் வரலை.”

அவன் அப்பா போன அன்று என் நம்பரிலிருந்துதான் அவனுக்குப் போன் போயிற்று. பாவமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். தலையைத் தடவிக் கொடுக்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் வாய் சும்மா இருக்கிறதா? “உன் பயத்துக்கு என் வீட்டைப் பூட்டறதா மருந்து?” என்று கேட்டுவிட்டேன். கேட்டதில் தப்பில்லை.

16 ஜூன்

இனிமேல் மஸ்டர் கிடையாது. விளையாடுவேன், அனுப்ப மாட்டேன்.

17 ஜூன்

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஒன்பதரைக்கு வைத்தி மூச்சு வாங்க மூணு மாடி ஏறி வந்து கதவை இடித்தான். சட்டையெல்லாம் மழை. நான் ஈஸியாகக் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன்.

“இது என்னம்மா பிடிவாதம்! நான் செத்தே போயிட்டேன்!”

பதிலுக்கு நானும் கத்தினேன். “நேக்கு என்ன வேணும்னு ஒரு நாளாவது கேட்டியாடா? கட்டம் வந்தா பதிலுக்கு ஒரு கட்டைவிரல் பொம்மை. அவ்வளவுதான். என்னோட பேசினியா? போன் பண்ணு. என்ன சாப்பிட்டேன்னு கேளு, சண்டை போடு. பேசினா தெரியாதா புத்தி இருக்கா இல்லையான்னு?”

அம்மிணி மாமி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் காப்பி போட்டேன். குடித்துவிட்டு ஆபீஸுக்குப் போனான்.

18 ஜூன்

சாயங்காலம் போன் வந்தது. “என்ன சாப்பிட்டே?” என்று கேட்டான், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. மொளகூட்டல் என்றேன். பிறகு என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பரவாயில்லை, நாளைக்கும் இருக்கிறதே.

27 ஜூன்

இப்போது அவன்தான் லோகல் டிரெயினில் போகும்போது கட்டம் அனுப்புகிறான். பதிலுக்கு நான் ஒரு கட்டைவிரல்! சான்பாடா ரூமில் சாதனா தையல் மெஷின் போட்டுவிட்டாளாம்.

4 ஜூலை

இன்றைக்கு ‘ஹானர்’. மறுபடி யு இல்லாமல். நாலாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. கடைசி வரியில் ‘ஐரேட்’ அடித்து மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் வைத்தியின் கட்டங்கள் வந்தன. ஆறு வரி. ஒன்றுகூட முழுப் பச்சை இல்லை. முதல் வரி நிறமும் கடைசி வரி நிறமும் ஒன்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒன்றேதான்.

கீழே இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: “தெரியும். போடலை.”