இப்ப வேண்டாம்

பீர்மேடு,
3-6-1974

அன்புள்ள மதலேனம்மாளுக்கு,

நான் சுகம். நீயும் கத்தரீனாளும் அத்தையும் சுகமாயிருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு செபமாலையம்மாள் சாவியைக் கொடுத்து, "அவ பிள்ளையக் கூட்டிக்கிட்டு அம்மா ஊருக்குப் போயிட்டா" என்றாள். அவளையும் இரண்டு தடவை சொல்ல வைத்துத்தான் புரிந்தது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நீ இப்படிச் செய்ததில்லை.

ஃபாக்டரியில் தேயிலை வரத்து அதிகம். ரோலர் ரூமுக்கு மேஸ்திரி ஆனதிலிருந்து மூச்சுவிட நேரமில்லை. நம் டைம்பீஸில் முள் ஓடுகிறது, டிக் டிக் சத்தம் மட்டும் நின்றுவிட்டது. குமுளியில் ரிப்பேருக்குக் கொடுத்தேன். அவன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானண்ணே ஓடுது" என்று சிரிக்கிறான். தொழில் தெரியாதவன்.

உனக்கு என்ன கோபம் என்று எழுது.

உன் கணவன்,
சூசையப்பன்


ராயப்பன்பட்டி,
11-6-1974

மேஸ்திரி சூசையப்பன் அவர்களுக்கு,

நாங்கள் சுகம்.

சொல்லாமல் வந்தேன் என்கிறீர்கள். ஒரு வருஷமாகச் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதானே? பிள்ளைக்கு அம்மை போட்டபோது உள்ளேயிருந்து எத்தனை தடவை கூப்பிட்டேன்? வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தீர்கள். கத்தரீனாள் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டு அழுதே விட்டாள். ஈஸ்டருக்குக் கோயில் வாசலில் என் அண்ணி தன் அப்பா இறந்துபோன சேதியைச் சொன்னாள். நீங்கள் சிரித்துக்கொண்டே "ரொம்ப சந்தோசம்" என்றீர்கள். அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

அதெல்லாம் போகட்டும். அன்று காலை அடுப்படியில் உங்களிடம் ஒன்று கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியமில்லாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "இப்ப வேண்டாம்" என்றீர்கள். யோசிக்கக்கூட இல்லை. அதற்கு மேல் எனக்கு அந்த வீட்டில் என்ன வேலை?

டைம்பீஸ் என் அம்மா கொடுத்தது. அதையாவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மதலேனம்மாள்


பீர்மேடு,
17-6-1974

அன்புள்ள மதலேனம்மாளுக்கு,

கட்டன்காப்பி வேண்டாமா என்றுதானே கேட்டாய்? "வேண்டாமா" என்று முடித்தது காதில் விழுந்தது. வயிறு சரியில்லை, அதனால் இப்ப வேண்டாம் என்றேன். காப்பி வேண்டாம் என்றதற்கு எவளாவது பெட்டியைத் தூக்குவாளா?

அம்மை போட்டபோது நீ கூப்பிட்டதாக எனக்குத் தெரியாது. கூப்பிட்டிருந்தால் வராமல் இருப்பேனா? கத்தரீனாள் கூப்பிட்டு அழுததும் தெரியாது. அதைப் படித்துவிட்டு அன்று சோறு இறங்கவில்லை. உன் அண்ணியின் அப்பா இறந்துவிட்டாரா? எப்போது? பேரப்பிள்ளை பிறந்த சேதி என்றல்லவா நினைத்தேன்.

நீ முன்பெல்லாம் கணீர் என்று பேசுவாய். இப்போது வாய்க்குள்ளேயே பேசுகிறாய். நீ மட்டுமில்லை, லயத்து வீடுகளில் எல்லாரும் அப்படித்தான். சாமியார்கூடப் பிரசங்கத்தை முணுமுணுக்கிறார்.

டைம்பீஸை இன்னொரு கடையில் காட்டினேன். அவனும் நன்றாக ஓடுகிறது என்றே சாதிக்கிறான்.

சூசையப்பன்


ராயப்பன்பட்டி,
24-6-1974

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கடிதத்தில் கேட்டால் ஒன்று விடாமல் பதில் வருகிறது. வீட்டில் கேட்டால் ஒன்றுக்கும் வருவதில்லை. ஊர் முழுக்கவா ஒரே நேரத்தில் வாய்க்குள் பேச ஆரம்பிக்கும்? இரண்டு கடைக்காரர்களுமா பொய் சொல்வார்கள்?

மச்சான், டைம்பீஸ் நிற்கவில்லை. ஒன்பது வருஷமாக அந்த ரோலர் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். ஷிப்ட் முடிந்து வந்தால் காதில் வண்டு ரீங்காரம் போடுகிறது என்று நீங்கள்தான் சொல்வீர்கள். நான்தான் புரிந்துகொள்ளவில்லை. செவிடன், சங்கு என்று எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் காப்பி வேண்டாமா என்று கேட்கவில்லை. "நான் உங்களுக்கு வேண்டாமா?" என்று கேட்டேன்.

இதற்கு இப்போது பதில் எழுதாதீர்கள். முதலில் டைம்பீஸை உங்கள் காதில் வைத்துப் பாருங்கள், பிறகு உங்களிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெரியமுத்து காதில் வையுங்கள். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகாமல் பதில் எழுதினால் பிரிக்க மாட்டேன்.

மதலேன்


பீர்மேடு,
16-7-1974

அன்புள்ள மதலேனுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. பத்து நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வெட்கம். ரோலர் ரூமில் காது மந்தமானவன்தான் கைதேர்ந்தவன் என்று நாங்களே பெருமை பேசியிருக்கிறோம். பிறகு டைம்பீஸை ஃபாக்டரிக்குக் கொண்டுபோனேன். பெரியமுத்து வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, அவனுக்குக் கேட்டது. பழைய ஆட்கள் ஐந்து பேரில் மூன்று பேருக்குக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பேசியது எல்லாம் எனக்குப் புரிந்தது. காது நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அவர் ஒரு காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார். ஒன்றும் இல்லை, மதலேன். வெறும் முனகல். இத்தனை நாள் எல்லாருடைய வாயையும் பார்த்தே சமாளித்திருக்கிறேன். நீ அன்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாய்.

மருந்து இல்லையாம். மலையாளமும் தமிழும் கலந்து, "போனது போச்சு. இருக்கறதைக் காப்பாத்திக்கோ" என்றார். மெஷின் ஓடும்போது காதில் ரப்பர் அடைப்பான் வைக்க வேண்டும், அல்லது காதை மூடும் கவசம் மாட்ட வேண்டும். வெறும் பஞ்சை வைத்தால் போதாது. ஒரே ஆள் நாள் முழுக்க அங்கே நிற்கக் கூடாது, ஆள் மாற்றி நிற்க வேண்டும். ஆட்டம் கண்ட பேரிங்கை உடனே மாற்றினால் சத்தமே பாதியாகும். பக்கத்தில் நிற்பவனிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆகாது என்று தெரிந்துகொள் என்றார். நாங்கள் கத்துவதைக்கூட என்றைக்கோ விட்டுவிட்டோம்.

திரும்பி வந்து டாக்டர் சீட்டை மானேஜர் மேஜையில் வைத்தேன். காதுக் கவசம் இரண்டு அவர் அலமாரியிலேயே இருந்தது, ஃபாக்டரி பார்க்க வரும் விருந்தாளிகளுக்காம்! எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு மணி நேரம் நிக்கிறவங்க காதுக்கு இருக்கு, ஒம்பது வருசம் நிக்கிறவன் காதுக்கு இல்லையா சார்?" என்று கேட்டேன். அவர் இரண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். இப்போது அவை பெரியமுத்து காதிலும் இன்னொருவன் காதிலும் இருக்கின்றன. மற்றவர்களுக்கும் வாங்கித்தரச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறார்.

நான் மேஸ்திரி வேலையை விட்டுவிட்டேன். மேலே இலை வாட்டும் மாடியில் இருக்கிறேன். அங்கே சத்தம் குறைவு. பேர் போனதில் கொஞ்சம் வருத்தம்தான். கத்தரீனாள் குரலில் மிச்சம் இருப்பதையாவது கேட்க வேண்டுமே.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். ரோலர் ரூமில் வாய்ப்பேச்சு கிடையாது. கீழே இலை தீர்ந்தால் மாடிப்படியில் நிற்பவனைப் பார்த்து இரண்டு கையையும் நெஞ்சுக்கு இழுத்து இழுத்துக் காட்டுவோம். வேண்டும், உடனே அனுப்பு என்று அர்த்தம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை கம்பம் பஸ் வரும்போது குமுளி ஸ்டாண்டில் நிற்பேன். பஸ் நிற்கும்வரை அப்படியே கையைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும், என் காதில் விழப்போவதில்லை.

உன்
சூசையப்பன்