உன் இஷ்டம்

என்னங்க,

டிபன் டப்பாவோடு கடிதம் வைத்திருக்கிறேன், பதறாதீர்கள். நேரில் பேச நா எழவில்லை.

வயிற்றில் குழந்தைக்குத் துடிப்பு நின்று ஒரு வாரமாகிறது என்று நேற்று ஸ்கேனில் சொன்னார்களே. என் உடம்புக்குத்தான் இன்னும் தெரியவில்லை; இன்று காலையும் வாந்தி எடுத்தேன்.

"ஆபரேஷனா, மாத்திரையா? நாளைக்குள்ள சொல்லிடுங்கம்மா," என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து உங்களிடம் கேட்டேன்; நீங்கள் "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு மின்விசிறியைத் துடைக்க ஏறிவிட்டீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

ஆபரேஷன் என்றால் மயக்கத்திலேயே முடிந்துவிடும். மாத்திரை என்றால் வீட்டில், வலியோடு, விழித்திருக்க வேண்டும். ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வது என்று பயம். ஆனாலும் அது போகும்போது நான் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

மாத்திரைதான். வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிடுங்கள். குளியலறைக் கதவைத் தாழ் போட மாட்டேன்.

உங்களவள்